டெல்லி போலீஸ் தேர்வுக்குத் தனி வகுப்பு வேண்டும்: பயிற்சி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும், தன்னார்வப் பயிலும் வட்டங்களில் பாடம் எடுப்பவர்களுக்கும், விடியற்காலையில் மைதானத்தில் விசிலோடு நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

டெல்லி காவல்துறை கான்ஸ்டபிள் பணிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. 2023-இல் 7,547 இடங்களையும் 2025-இல் 7,565 இடங்களையும் அறிவித்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இந்தியர் யாரும் விண்ணப்பிக்கலாம். எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு, வசிப்பிடத்தைக் காரணம் காட்டி அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது. வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதனால் மாநிலங்கள் மொழியை வைத்து வாசலைக் காக்கின்றன. நம் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.யூ.எஸ்.ஆர்.பி.) 80 மதிப்பெண் தமிழ்த் தகுதித் தேர்வும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டெல்லிக்கு அப்படி ஒரு வாசல் காவல் இல்லை என்பதால், நம் பிள்ளைகளில் பலர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கிறார்கள்.

அந்த 'இதற்கும் ஒன்று' என்ற எண்ணத்தில்தான் சிக்கல். பயிற்சி மையப் பலகைகளில் 'டி.என்.யூ.எஸ்.ஆர்.பி., ஜி.டி., டெல்லி போலீஸ்' என்று மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன (ஜி.டி. என்பது மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு). வகுப்பும் ஒன்று, மைதானமும் ஒன்று. டெல்லி போலீஸை அந்த வரியிலிருந்து பிரித்தெடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பாடத்தில் கோட்டைவிட்டு வெளியேறுபவர்களைப் பற்றி நாங்கள் பேசப்போவதில்லை, அது எந்தத் தேர்விலும் நடப்பது. எழுத்துத் தேர்வைத் தாண்டியபின் ஓட்டத்திலும், உரிமத்திலும், ஒரு தாள் சான்றிதழிலும் விழுபவர்களைக் காப்பாற்ற முடியும். அது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் ஓட்டம். நம் ஊரில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும். அதாவது 100 மீட்டருக்கு 28 விநாடி. டெல்லியில் 30 வயது வரை உள்ளவர்கள் 1,600 மீட்டரை 6 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 100 மீட்டருக்கு 22.5 விநாடி, 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 90 விநாடி. உங்கள் மைதானத்தில் 1,500-ஐ ஆறரை நிமிடத்தில் முடித்துவிட்டுத் தெம்பாக நிற்கும் பையனை நீங்கள் 'ஓட்டத்தில் கவலையில்லை' என்று குறித்து வைத்திருப்பீர்கள். டெல்லி வேகத்தில் அதே 1,500 மீட்டரை அவன் 5 நிமிடம் 37 விநாடியில் கடந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் 100 மீட்டர் பாக்கி. ஏறத்தாழ ஒரு நிமிட இடைவெளி, அதை இரண்டு வாரத்தில் அடைக்க முடியாது.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். இங்கே அவர்களுக்கு உடல்திறன் தகுதி 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடுவது. அங்கே 1,600 மீட்டரை 8 நிமிடத்தில். நான்கு மடங்கு தூரம், அதுவும் கூடுதல் வேகத்தில். போதாக்குறைக்கு உயரம் தாண்டுதல். நம் தேர்வில் பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம் ஆகியவைதான் உண்டு. உயரம் தாண்டுதல் கிடையாது. டெல்லியில் அவர்கள் 3 அடி உயரமும் 10 அடி நீளமும் தாண்டியாக வேண்டும். 3 அடி பெரிய உயரம் இல்லைதான். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூட கம்பியைத் தாண்டிப் பார்க்காத பெண், கம்பிக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிடும். நான்கு நாள் கத்தரிக்கோல் முறையில் பழகினால் அந்தத் தயக்கம் போய்விடும். அந்த நான்கு நாளை யாராவது ஒதுக்க வேண்டும், அவ்வளவே.

ஆண்களுக்கு நீளம் 14 அடி, உயரம் 3 அடி 9 அங்குலம். நம் தேர்வில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே இரண்டும் கட்டாயம். 14 அடி என்பது 4.27 மீட்டர். இங்கே 3.80 மீட்டர் தாண்டி ஒரு ஸ்டார் (தேறியதற்கான அடிப்படை அளவு) வாங்கியவர் அங்கே தோல்வி. வரிசையும் முக்கியம்: ஓட்டத்தில் தேறியவர்தான் நீளம் தாண்டப் போவார், அதில் தேறியவர்தான் உயரத்துக்கு. ஓடிய களைப்பு தீராத காலோடு தாண்ட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஆகவே மைதானத்தில் தாண்டுதலைத் தனி நாளில் பழக்காமல், 1,600 ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் பழக்குங்கள். முதல் தாண்டலை, கால் ஊன்றி எழும்பும் பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே எழும்பி, ஃபவுல் ஆகாமல் முடிக்கச் சொல்லிக்கொடுங்கள். மூன்றிலும் பலகையை மிதித்து வெளியேறுவது கால் பலக் குறைவால் அல்ல, பதற்றத்தால்.

ஓட்டத்தில் நடக்கும் தவறும் எப்போதும் ஒன்றுதான். கூட்டத்தோடு கிளம்பி முதல் சுற்றை 75 விநாடியில் முடித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் 100-ஐத் தாண்டுவார்கள். நான்காவதில் என்ன செய்தாலும் அது திரும்ப வராது. வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 85 விநாடியில் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஒரு நாள் ஐந்து கிலோமீட்டர் மெதுவோட்டம். பத்து நாளுக்கு ஒருமுறை முழு 1,600. இப்படிப் பன்னிரண்டு வாரம் ஓடவிட்டு, ஊரில் 5 நிமிடம் 40 விநாடியைத் தொடாத யாரையும் 'தயார்' என்று சொல்லாதீர்கள். ரயில் களைப்பும் குளிரும் சேர்ந்தால் அந்த 20 விநாடி காணாமல் போகும்.

உயரத்தில் ஒரு வினோதம் இருக்கிறது, இதைச் சேர்க்கையின்போதே பார்க்க வேண்டும். இங்கே பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167 செ.மீ. போதும். டெல்லியில் பொதுவாக 170. பழங்குடியினர், மலைப்பகுதியினர், டெல்லி போலீஸாரின் மகன்கள் ஆகியோருக்கு மட்டும் 5 செ.மீ. தளர்வு. பட்டியல் சாதியினருக்கு அந்தத் தளர்வு இல்லை. 168 செ.மீ. உள்ள பட்டியல் சாதிப் பையன் இங்கே தகுதி உள்ளவர், அங்கே அளவுகோலுக்குக் கீழே. அவரை டெல்லிக்கு ஒரு வருடம் ஓடவிடுவது அநியாயம். பெண்கள் விஷயத்தில் நேர்மாறு. இங்கே பொது, பி.சி., எம்.பி.சி. பெண்களுக்கு 159 செ.மீ. வேண்டும், அங்கே 157. ஒரு செ.மீ. குறைந்ததால் இங்கே திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது. 2023-இல் அறிவித்ததில் 2,491 இடங்கள் பெண்களுக்கு. 'உனக்கு உயரம் பத்தாதும்மா' என்று அனுப்பிவிடும் முன் இதைச் சொல்லுங்கள்.

கண் பார்வையையும் முதல் நாளே பாருங்கள். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/12 வேண்டும், நிறக்குருடு கூடாது, பார்வையைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை செய்திருக்கவும் கூடாது. கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு 'செய்துகொள்' என்று யாரும் யோசனை சொல்லிவிட வேண்டாம். நிறக்குருடு இருப்பது பலருக்கே தெரியாது. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் புள்ளிப் படத் தட்டுகளை வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். இதில் விழுபவர்களைப் பார்ப்பதுதான் எங்களுக்கு மிகவும் ஆற்றாமை. ஆண்கள் உடல்திறன் தேர்வு நாளன்று மோட்டார் சைக்கிள் அல்லது கார் ஓட்டும் உரிமத்தை வைத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) செல்லாது. 2023 தேர்வில் எழுத்து முடிவு டிசம்பர் கடைசியில் வந்தது, உடல்திறன் தேர்வு ஜனவரி நடுவில். இடையில் இருந்தது இரண்டு வாரம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போடவே முடியும். முடிவு வந்தபின் ஓடினால் எந்த ஏஜென்ட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. விண்ணப்பம் போடும் வாரத்திலேயே எல்.எல்.ஆருக்கும் போட வைக்க வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கியர் வண்டிக்கே எடுக்கச் சொல்லுங்கள், மைதானத்தில் வாக்குவாதம் வேண்டாம்.

சான்றிதழ்களில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று சாதிச் சான்று. பள்ளியில் வாங்கி வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்று மத்திய வேலைக்கு உதவாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தார் அலுவலகம் போய் வரும். அதற்கு முன்னால், அந்தச் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் அங்கே இல்லை. ஓ.பி.சி. என்று நினைத்து மூன்று வருட வயதுத் தளர்வில், 26 வயதில் விண்ணப்பித்தவருக்கு இந்தச் சான்று இல்லையென்றால் ஒதுக்கீடு மட்டும் அல்ல, வயதுத் தகுதியே போய்விடும். பொதுப் பிரிவின் உச்ச வயது 25.

இரண்டாவது இனிஷியல். எஸ்.எஸ்.சி. பதிவில் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் 'முருகன் எஸ்', ஆதாரில் 'எஸ். முருகன்', உரிமத்தில் அப்பா பெயரை விரித்து 'முருகன் செல்வராஜ்', சாதிச் சான்றில் வெறும் 'முருகன், த/பெ செல்வராஜ்'. நமக்கு நாலும் ஒரே ஆள். வடக்கே குடும்பப் பெயரைத் தேடிப் பழகிய சரிபார்ப்பவர் கண்ணுக்கு நாலு பேர். முதலில் ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒப்பத் திருத்திவிட்டு, உரிமத்தையும் ஓ.பி.சி. சான்றையும் அந்தப் பெயரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி அலைந்து திருத்த வேண்டிவரும்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 90 நிமிடம், 100 கேள்வி: பொது அறிவு 50, பகுத்தறிவு 25, கணிதம் 15, கணினி 10. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஓட்டமும் தாண்டலும் தகுதிக்கு மட்டுமே, தரவரிசை இந்த நூறை வைத்துத்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதிய பிறகு, மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. அதைக் கேட்ட பிள்ளைகள் டெல்லி போலீஸ் தேர்வும் தமிழில் வரும் என்று நம்பிவிடுகிறார்கள். 2023 டெல்லி போலீஸ் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது. தமிழ் வழியில் படித்தவர்கள் பகுத்தறிவுக் கேள்விகளில் ஆங்கில வாக்கியத்தை அவிழ்ப்பதிலேயே நேரத்தை இழப்பார்கள். மாதிரித் தேர்வுகளை ஆங்கிலத் தாளிலேயே வையுங்கள். கணினியின் 10 மதிப்பெண்ணுக்கு வேர்டு, எக்செல், மின்னஞ்சல், இணையம் இவற்றின் அடிப்படை போதும். இரண்டு வாரத்தில் முழுதாக எடுக்கக்கூடிய பகுதி அது, ஆனால் நம் வகுப்புகளில் அதைத்தான் தொடுவதே இல்லை.

வழக்கு விவரம். ஊர்த் திருவிழா அடிதடியிலோ சாலை மறியலிலோ பெயர் சேர்ந்திருந்தால், விடுதலை ஆகியிருந்தாலும் சரி, சரிபார்ப்புப் படிவத்தில் எழுத வேண்டும். எழுதினால் அதிகாரிகள் எடைபோட்டுப் பார்ப்பார்கள். மறைத்தால் மறைத்ததே தனிக் குற்றச்சாட்டு ஆகும். உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் இதையெல்லாம் விரிவாக வகுத்திருக்கிறது. 'எழுதாதே, யாருக்குத் தெரியப்போகுது' என்று சொல்லும் அண்ணன்மார்கள் ஒவ்வொரு மையத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வாயை அடக்குவது உங்கள் பொறுப்பு.

உடல்திறன் தேர்வு டெல்லியில் மட்டுமே நடக்கிறது. 2024 ஜனவரியில் அது பொங்கல் வாரத்தில் விழுந்தது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது; இரண்டு வார அவகாசத்தில் கிடைப்பது காத்திருப்போர் பட்டியல்தான். தட்கலுக்கும் இரண்டு இரவு தங்குவதற்கும் ஆளுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து ஒன்றரை நாள் பயணம். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். ஜனவரி விடியலில் அங்கே பனிமூட்டமும் புகையும் சேர்ந்து கிடக்கும், ஒற்றை இலக்கக் குளிர். இருபது நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் ஓடினால் தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ளும். தன் பெயர் கூப்பிடும்வரை ஸ்வெட்டரையும் முழுக்கால் சட்டையையும் கழற்றக் கூடாது. அசல் சான்றிதழ்கள் பையில் இருக்க வேண்டும்.

இனி, தேர்வான பிறகு. இதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் சேர்க்கை குறையும் என்ற பயமாக இருக்கலாம். 'கையில் அம்பதாயிரம்' என்று சொல்லிச் சேர்ப்பதை நிறுத்துங்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். 2024 ஜனவரி கணக்கில் 50 சதவீத அகவிலைப்படி 10,850, வீட்டு வாடகைப்படி 30 சதவீதம் 6,510. மொத்தம் 39,060, போக்குவரத்துப்படி தனி. ஓய்வூதியத் திட்டத்துக்கு 3,255 பிடித்தம். அரசுக் குடியிருப்பு கிடைத்தால் வாடகைப்படி கிடையாது. இங்கே இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்கம் 18,200. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் டெல்லியில் வீடு எடுத்துக் குடும்பத்தை வைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஊர் வந்து போனால் அது அப்படியே நிற்காது. சொந்த ஊர் போய் வர விடுப்புப் பயணச் சலுகை உண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தி தெரியாமல் தேர்வை எழுதிவிடலாம், வேலையைப் பார்க்க முடியாது. பயிற்சிக் கழகத்தில் அணிவகுப்புக் கட்டளையிலிருந்து சட்ட வகுப்பு வரை இந்திதான். காவல் நிலையத்தில் நாட்குறிப்பு ரோஸ்நாம்சா, சொத்து அறை மால்கானா, எழுத்தர் முன்ஷி. எஃப்.ஐ.ஆரில் புழங்கும் பழைய உருது, பாரசீகச் சொற்களில் 383-ஐ எளிய சொற்களாக மாற்றும்படி 2019-இல் டெல்லி போலீஸ் சுற்றறிக்கை விட்டது. இந்தி பேசுகிறவர்களுக்கே புரியாத நிலை அது. இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்தியமா தேர்வுகள் எழுத்தும் இலக்கணமும் தரும், அது நல்ல அடித்தளம். ஆனால் உடன் படிக்கும் ஹரியானா, ராஜஸ்தான் பையன் பேசும் இந்தி அதில் வராது. தேர்வு முடிந்து பணி ஆணை வரும்வரை உள்ள மாதங்களில், பிள்ளைகளை தினமும் ஒரு மணி நேரம் பேச்சு இந்தியில் உட்கார வையுங்கள். புகார் சொல்ல வருபவரிடம் கேட்கும் ஆறு கேள்விகள் (யார், எங்கே, எப்போது, என்ன, எப்படி, சாட்சி யார்) சரளமாக வந்தால் முதல் ஆறு மாதம் ஓடிவிடும்.

கடைசியாக, திரும்பி வரும் வழி. 'ரெண்டு வருஷம் இருந்துட்டு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கலாம்' என்பது நம் ஊரில் பரவலாக உலவும் பொய். காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. டெல்லி போலீஸோ மத்திய உள்துறையின் கீழ் இருக்கிறது. அங்கே கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் தமிழ்நாடு காவல்துறைக்கு மாறுதல் கேட்டு வர வழியில்லை. இங்கே புதிதாகத் தேர்வு எழுதி, பணிமூப்பு இல்லாமல் அடியிலிருந்து சேர வேண்டும். அதற்கும் துறையிடம் தடையில்லாச் சான்று வேண்டும், இங்குள்ள உச்ச வயதும் விடாது: பொதுப் பிரிவு 26, பி.சி., எம்.பி.சி. 28, பட்டியல் சாதி, பழங்குடி 31. எஸ்.ஐ. தேர்வில் இங்கே துறையினருக்கான ஒதுக்கீடும் தமிழ்நாடு காவலர்களுக்கு மட்டும். திகார் சிறையில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் காவல் நிற்பதைக் காட்டி 'நம்ம ஆளுங்க அங்க போய்ட்டு வர்றாங்களே' என்பார்கள். அவர்கள் தமிழ்நாட்டுப் படையினர், பணிக்காகப் போய் இருக்கிறவர்கள். வேறு கதை.

போகக் கூடாது என்று யாரையும் தடுக்கச் சொல்லவில்லை. மத்திய அரசு வேலை, தலைநகர், எஸ்.எஸ்.சி. வழியாகவே எஸ்.ஐ. தேர்வு எழுதும் வாய்ப்பு. வேலையில் இருந்துகொண்டே படித்து மேலே போக நல்ல இடம்தான். திரும்பி வர முடியாது என்று தெரிந்து போகிறவர் அங்கே ஊன்றிக்கொள்வார். தெரியாமல் போகிறவர் இரண்டாம் வருடமே வேலையை விடுவதா வேண்டாமா என்று போனில் அப்பாவோடு மல்லுக்கட்டுவார்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவு: டெல்லி போலீஸுக்குப் பெயர் கொடுப்பவர்களின் பட்டியலைத் தனியாக வையுங்கள். சேரும் அன்றே உயரத்தையும் கண்ணையும் பாருங்கள், உரிமமும் ஓ.பி.சி. சான்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வாரக் கடைசியில் 1,600 மீட்டரைக் கடிகாரத்தில் ஓடவிட்டு, நேரத்தைப் பெயருக்கு எதிரே எழுதுங்கள். அந்த நேரத்தைப் பெற்றோரிடமும் காட்டுங்கள். பயிலும் வட்டங்களில் இதற்குத் தனி நிதி எதுவும் தேவைப்படாது. ஒரு நாடா, ஒரு ஸ்டாப்வாட்ச், உயரம் தாண்டும் கம்பி ஒரு ஜோடி, இவை எல்லா மாவட்ட மைதானத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம், எல்.எல்.ஆர். போடாதவர்களை இந்த மாதமே போட வையுங்கள்.

இப்படிக்கு,
சீருடைப் பணித் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் சிலர்